பருவமும் பக்குவமும்: பிள்ளைகள் வீட்டை விட்டுப் பிரியும் உரிமை எப்போது?

வளர்ந்த பிள்ளை தன் விருப்பப்படி தனித்து வாழலாமா, அன்றிப் பெற்றோரின் இல்லத்திலேயே இருந்தாக வேண்டுமா? வெளியூர்க் கல்வியும் வேலையும் பெருகிவிட்ட இக்காலத்தில் இவ்வினா எழாத குடும்பங்கள் குறைவு. மகன் சினந்து வெளியேறினால், 'நாலு நாளில் திரும்பிவிடுவான்' என்று வாப்பா பொறுத்திருக்கிறார். மகள் வெளியேறினாலோ, அன்றிரவே காவல் நிலையத்தில் புகார் கொடுக்கப்படுகிறது. இருவருக்கும் சட்டம் வகுத்த எல்லை யாது, மார்க்க அறிஞர்கள் வகுத்த எல்லை யாது என்பதை ஒவ்வோர் இல்லமும் அறிந்திருத்தல் நலம்.

முதலில் நாட்டுச் சட்டத்தைப் பார்ப்போம். 1875ஆம் ஆண்டின் இந்திய வயதுவந்தோர் சட்டப்படி 18 வயது நிறைந்தவர் வயதுவந்தவர் ஆவார். ஆண், பெண் என்ற வேறுபாடு இதில் இல்லை. நீதிமன்றம் காப்பாளரை நியமித்திருந்தால் 21 வயது வரை காத்திருக்க வேண்டும் என்றிருந்த விலக்கும் 1999இல் நீக்கப்பட்டுவிட்டது. திருமணம், மஹர், மணவிலக்கு, தத்து ஆகிய நான்கிலும் அவரவர் தனிச் சட்டத்துக்கு இச்சட்டம் இடம் விட்டிருக்கிறது. எங்கே வசிப்பது என்பது அந்நான்கில் அடங்குவதன்று. ஆகவே, 18 வயது நிறைந்த மகனையோ மகளையோ வீட்டுக்குத் திரும்பியாக வேண்டுமெனக் கட்டாயப்படுத்தப் பெற்றோருக்குச் சட்ட அதிகாரம் இல்லை. ஆட்கொணர்வு மனுவின்மீது அப்பிள்ளை நீதிபதி முன் வந்து நின்றால், 'உன் விருப்பம் யாது?' என்ற கேள்விக்கு அது கூறும் விடையே முடிவாகும்.

18 வயது நிறையாத பிள்ளை காப்பாளரின் பொறுப்பில் உள்ளது. அது தானாக வீட்டை விட்டுச் சென்றால், அதன் மீது குற்றம் ஏதும் சாராது. அதனை அழைத்துச் சென்றவர் அல்லது ஆசை காட்டி வரவழைத்தவர் மீதே ஆட்கடத்தல் குற்றம் சாரும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இதற்கான வயது ஆணுக்கு 16, பெண்ணுக்கு 18 என்றிருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா இருவருக்கும் 18 என்று ஆக்கிவிட்டது. மேலும், வயது வராதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்று 1903இலேயே பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்துள்ளது. எனவே 17 வயது இளைஞர் தன் பெயரில் எழுதும் வாடகை ஒப்பந்தம் சட்டத்தின் முன் நில்லாது.

எனினும், தந்தை கேட்ட மாத்திரத்தில் பிள்ளையைத் திருப்பி அனுப்பும் கடமை நீதிமன்றத்துக்கு உண்டா? இல்லை. 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம், திரும்பி வருதல் பிள்ளையின் நலனுக்கு உகந்ததாயின் மட்டுமே அவ்வாறு ஆணையிட இடம் தருகிறது. விவரம் அறிந்த பிள்ளையின் விருப்பத்தையும் நீதிபதி கருத்திற் கொள்ளலாம். சென்னையில் எழுந்த வரதராஜன் வழக்கில் 1964இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பும் இங்கு நினைவுகூரத் தக்கது. 18ஐ எட்டும் நிலையில் இருந்த கல்லூரி மாணவி, செய்வது இன்னதென அறிந்து தானாகவே வெளியேறினார். உடன் சென்றவர் அவரை அழைத்துச் சென்றதாகாது என்று நீதிபதிகள் கூறினர்.

வீடே கொடுமைக் களமாகிவிட்ட பிள்ளைக்கும் சட்டம் வழி காட்டுகிறது. 1098 என்ற எண்ணில் உதவி கோரலாம். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி அத்தகைய பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். குழு விசாரித்து, வீடு பாதுகாப்பானதன்று எனக் கண்டால் வேறு ஏற்பாடு செய்யும். அடிக்கும் வீட்டிலிருந்து தப்பி, முன்பின் அறியாதவரை நம்பிப் பேருந்து ஏறுவதைக் காட்டிலும் இது எவ்வளவோ மேலான வழியன்றோ?

இனி மார்க்கச் சட்டத்துக்கு வருவோம். இப்னு உமர் (ரலி) அவர்கள் 14 வயதில் உஹதுப் போருக்கு முன்வந்தபோது அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அனுமதிக்கவில்லை. 15 வயதில் அகழ்ப் போருக்கு முன்வந்தபோது அனுமதித்தார்கள். இந்நபிமொழியைக் கேட்ட கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள், சிறுவரையும் பெரியவரையும் பிரிக்கும் எல்லையாக இதனைக் கொண்டார்கள். பருவமெய்தியதன் அடையாளம் தோன்றாதவருக்கு 15 வயதே எல்லை என்பது இமாம் ஷாஃபிஈ (ரஹ்) உள்ளிட்ட பலரின் கருத்து. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களோ ஆணுக்கு 18, பெண்ணுக்கு 17 என்றார்கள். நாட்டுச் சட்டம் கூறும் 18 நம் அறிஞர்களுக்குப் புதிய எண்ணன்று.

ஆயினும் பருவம் ஒன்றே போதுமென மார்க்கம் விட்டுவிடவில்லை. அநாதைகளின் சொத்தைத் திருப்பித் தருவது பற்றிப் பேசும் அந்நிஸா அத்தியாயத்தின் 6ஆம் வசனம், மணப் பருவம் எய்தும்வரை அவர்களைச் சோதித்து வரவும், அறிவுத் தெளிவு கண்டபின் சொத்தை ஒப்படைக்கவும் பணிக்கிறது. பருவமெய்தி, தெளிவும் நம்பகமும் பெற்ற மகன் விரும்பிய இடத்தில் வாழலாம் என்கின்றன ஹனஃபி நூல்கள். மணமாகாத இளம் மகள் பெற்றோரின் பராமரிப்பில் தங்குவதை வலியுறுத்தும் அந்நூல்கள் அதற்குக் காட்டும் காரணம் அவளது பாதுகாப்பு. பிள்ளை பெற்றோரின் உடைமை என்று அவை எங்கும் கூறவில்லை. பாதுகாப்புக்காக வைத்த காவல் சிறையாக மாறுமாயின், வைத்த காரணமே அழிந்துபோகிறது.

இவ்விடத்தில் நம் சமுதாயம் தன்னைத்தானே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். சேலத்தில் ஹோமியோபதி பயின்று, இஸ்லாத்தை ஏற்று மணம் புரிந்த ஹாதியாவின் திருமணத்தைக் கேரள உயர் நீதிமன்றம் 2017 மே மாதம் ரத்துச் செய்து, அவரைத் தந்தையின் இல்லத்துக்கு அனுப்பியது. அப்போது அவருக்கு வயது 24. வயதுவந்தவரின் தேர்வில் பெற்றோரோ நீதிமன்றமோ தம் விருப்பத்தைப் புகுத்த இயலாது என்று கூறி, 2018 மார்ச் மாதம் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. அதனை நாம் வரவேற்றோம். அதே அளவுகோலை நம் வீட்டு மகளுக்கும் பயன்படுத்த நாம் ஆயத்தமா? மேற்படிப்புக்காக விடுதிக்குச் செல்ல விரும்பும் 19 வயதுப் பெண்ணின் சொல்லைக் கேட்குமுன் உறவினரின் பேச்சுக்கு அஞ்சுகிறோமே, இது நீதியாகுமா?

உரிமை இருந்தும் கடமை அற்றுப்போவதில்லை. நூர் சபா காத்தூன் வழக்கில் 1997இல் உச்ச நீதிமன்றம், முஸ்லிம் தந்தை தம் பிள்ளைகளை வயது வரும்வரையும், மகளை மணமாகும்வரையும் பராமரிக்கக் கடமைப்பட்டவர் எனத் தீர்ப்பளித்தது. பிள்ளைகளுக்கும் கடமை உண்டு. தம்மைத் தாமே பேண இயலாத முதிய பெற்றோர், வயதுவந்த பிள்ளைகளிடம் பராமரிப்புக் கோரலாம் என்கிறது 2007ஆம் ஆண்டின் சட்டம். வேற்றூரில் குடியேறிய மகனும் உம்மாவின் மருந்துச் செலவிலிருந்து விலக முடியாது.

எனவே, 18ஆம் பிறந்த நாளன்று திடீரெனத் திறக்கும் கதவைக் கண்டு அஞ்சுவதைவிட, அந்நாளுக்குப் பிள்ளையை ஆயத்தப்படுத்துவதே பெற்றோர்க்கு அழகு. 14, 15 வயதிலேயே சிறு தொகையைக் கொடுத்துக் கணக்குக் கேளுங்கள். வீட்டு ஆலோசனையில் அமர்த்திக் கருத்தைக் கேளுங்கள். தவறினால் திருத்துங்கள், வாயடைக்காதீர்கள். அறிவுத் தெளிவைச் சோதித்து அறியுமாறு திருமறை பணித்ததன் நடைமுறை இதுவேயாகும். இவ்வாறு வளர்ந்த பிள்ளை எங்கு சென்று வாழ்ந்தாலும், திரும்பி வருவதற்கு ஓர் இல்லம் தனக்கு உண்டென்பதை மறவாது.