எல்லை காப்போன் இல்லாளுக்கு எத்தனை எல்லைகள்?

கோட்டைப்பட்டினத்துத் துறையிலே மீன் ஏற்றிக்கொண்டு ஒரு லாரி புறப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கேரளம் செல்லட்டும், கருநாடகம் செல்லட்டும், அதற்கப்பாலும் செல்லட்டும். ஓட்டுநரின் உரிமம் புதுக்கோட்டை மாவட்டத்திலே பெற்றதுதான். ஆயினும், "எங்கள் மண்ணிலே ஓட்ட எங்கள் உரிமம் எங்கே?" என்று எந்த மாநிலத்தாரும் கேட்பதற்கில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் அந்த உரிமத்தை இந்தியா முழுமைக்கும் செல்லத்தக்கதாக்கிவிட்டது.

அதே ஊரிலே பிறந்த மங்கை ஒருத்தி, செவிலியர் படிப்பை முடித்து, தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்திலே பெயரும் பதிந்தவள், ஒரு படைவீரனுக்கு வாழ்க்கைப்படுகிறாள் என்று எண்ணிப் பாருங்கள். கணவனுக்கு இன்று இராசத்தானம், சில ஆண்டு கழித்து அசாம், பிறகு பஞ்சாப். ஆணை வந்தால் அவன் புறப்பட்டாக வேண்டும். அவளும் உடன் செல்கிறாள். ஆனால், அவள் கற்ற தொழில் உடன் செல்கிறதா?

1947-ஆம் ஆண்டு இந்திய செவிலியர் மன்றச் சட்டம், மன்றம் ஏற்ற படிப்பு எந்த மாநிலப் பதிவேட்டிலும் இடம்பெறப் போதுமான தகுதி என்று வகுத்தது. நல்ல விதிதான். எனினும் தகுதி வேறு, பதிவு வேறு அல்லவா! தகுதி எல்லையைத் தாண்டுகிறது. பதிவோ எல்லையிலே நின்றுவிடுகிறது. பழைய மாநிலத்தின் தடையில்லாச் சான்று, சரிபார்ப்பு, புதிய கட்டணம், காத்திருப்பு — இத்தனையும் முடித்து அவள் மருத்துவமனை வாயிலை மிதிக்கும் வேளையிலே அடுத்த மாற்றல் ஆணை வந்து நிற்கும்.

வழி இல்லையா? உண்டு. 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டத்தின் 18-ஆவது பிரிவைப் பாருங்கள். ஒரு மாநிலப் பட்டியலிலுள்ள வழக்கறிஞர் தம் பெயரை வேறு மாநிலப் பட்டியலுக்குக் கட்டணம் ஏதுமின்றி மாற்றிக்கொள்ளலாம். வாதாடுவோருக்கு அன்றே திறந்த கதவு, நோயாளிக்கு ஊசி போடுவோருக்கு ஏன் திறக்கவில்லை?

அமெரிக்காவிலும் மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனி உரிமந்தான். அங்கே 2023 சனவரியிலே, படைவீரரின் வாழ்க்கைத்துணைக்கு ஒரு மாநிலம் தந்த தொழில் உரிமத்தை, பணி மாற்றத்தால் சென்று சேரும் மாநிலமும் ஏற்க வேண்டும் என்று சட்டம் செய்துவிட்டார்கள்.

"மாநில உரிமை என்னாவது?" என்பர் சிலர். கேட்க வேண்டிய கேள்விதான். பதிவேட்டை மாநிலத்திடமிருந்து பறிக்கச் சொல்லவில்லை நாம். ஒரு மாநிலம் இட்ட முத்திரையை மற்றொரு மாநிலம் மதிக்கட்டும் என்கிறோம். தமிழ்நாட்டு முத்திரை அசாமிலே செல்லுமானால், அதனால் தமிழ்நாட்டின் மதிப்பு உயருமேயன்றித் தாழாது. "நோயாளியின் மொழி தெரிய வேண்டாமா?" என்பாரும் உண்டு. தெரிய வேண்டும். ஆனால், பதிவுக் கட்டணம் எவருக்கும் மொழி கற்பிப்பதில்லையே!

செவிலியருக்குத் தனி அடையாள எண் தரும் ஏற்பாடு வந்துவிட்டது. தேசியப் பதிவேட்டுக்கு 2023-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் வகுத்துவிட்டது. எஞ்சியிருப்பது மனம் ஒன்றுதான். கணவனின் மாற்றல் ஆணையும் அவளது பதிவு எண்ணும் காட்டினால், சென்ற நாள் முதலே தற்காலிகமாகப் பணியாற்ற இசைவு தரட்டும். சரிபார்ப்பை அலுவலகங்கள் தமக்குள்ளே முடித்துக்கொள்ளட்டும். கட்டணம் கேட்க வேண்டாம்.

படைவீரனுக்கு மாலை சூட்டுகிறோம், மகிழ்ச்சி. அவன் மனைவி கேட்பது மாலையன்று, சலுகையுமன்று. உழைத்துக் கற்ற தொழிலை உழைத்தே நடத்தும் உரிமை. அதை மறுக்க யாருக்கு உரிமை உண்டு? சொல்லுங்கள்!