ஒரு ரூமுக்கு பெயின்ட் அடிக்க 7,500 ரூபாயா, 12,000 ரூபாயா? நடுவில் இருக்கும் 4,500 எங்கே போகிறது?

தாம்பரம் பக்கம் ஒரு வீடு. மகளுக்கு ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து, பிரசவத்துக்காக அம்மா வீட்டுக்கு வரப்போகிறாள். கல்யாணத்துக்கு முன்பு அவள் படித்து, படுத்துத் தூங்கிய அறைதான் இப்போதும் அவளுக்கு. ஆனால், அந்த அறை ஏழெட்டு வருஷமாக பிரஷ்ஷையே பார்க்கவில்லை. ஒரு சுவரில் பெயின்ட் செதில் செதிலாக உரிகிறது. சீலிங்கில் போன வருஷ மழை விட்டுப்போன பழுப்பு வட்டம். ஸ்கூல் டைம்டேபிள் ஒட்டியிருந்த செலோடேப்பின் தழும்புகூட அப்படியே இருக்கிறது.

"பச்சைக் குழந்தை வர்ற ரூம். பளிச்சுன்னு இருக்க வேணாமா?" என்று அம்மா முடிவெடுத்துவிட்டார். கையில் இருப்பது 10,000 ரூபாய். ஐப்பசி மழைக்கு முன்பே வேலை முடிந்தாக வேண்டும்.

முதலில் பக்கத்துத் தெருக்காரர் கொடுத்த நம்பரில் ஒருவரிடம் பேசினார். அவர் வீட்டுக்கு வரவே இல்லை. "ஒரு ரூம்தானேம்மா? மெட்டீரியலோட 7,500 கொடுங்க. ரெண்டு நாள்ல முடிச்சுடலாம்" என்றார் போனிலேயே.

அடுத்து வந்தவர் ஒரு பெயின்ட் மேஸ்திரி. உள்ளே வந்ததும் பேசவில்லை. சுவரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே ஒரு சுற்று வந்தார். உள்ளங்கையால் தேய்த்துப் பார்த்தார், கையெல்லாம் வெள்ளைப் பொடி. டேப்பை எடுத்து அளந்தார். "12,000 ஆகும்மா. நாலு நாள்."

பெயின்ட் கம்பெனிகளே ஆள் அனுப்பிச் செய்துகொடுக்கும் சர்வீஸையும் விசாரித்தார். மெஷின் வைத்துத் தேய்ப்பது, பொருள்களை மூடி வைப்பது, முடிந்ததும் கூட்டிப் பெருக்குவது எல்லாம் அவர்களே. ஆனால் தொகை மேஸ்திரி சொன்னதைவிட அதிகம். அது நம்ம கைக்கு எட்டாது என்று விட்டுவிட்டார்.

ஆக, போட்டி 7,500-க்கும் 12,000-க்கும்தான். யாராக இருந்தாலும் மனசு 7,500 பக்கம்தான் சாயும். அம்மாவுக்கும் சாய்ந்தது.

தரையின் அளவு வேறு, சுவரின் அளவு வேறு

"எப்படிக் கணக்கு போட்டீங்க?" என்று கேட்டதற்கு மேஸ்திரி, "சதுர அடிக்கு 23 ரூபாய்" என்றார். அறை 10-க்கு 12. அதாவது 120 சதுர அடி. அம்மா மனக்கணக்கு போட்டார்: 120-ஐ 23-ஆல் பெருக்கினால் 2,760 ரூபாய். அதற்கு 12,000-மா? பகல் கொள்ளை!

இங்கேதான் நிறைய பேர் தடுக்கி விழுகிறார்கள். பெயின்ட் அடிப்பது தரைக்கு அல்ல. நான்கு சுவர்களின் நீளத்தையும் கூட்டினால் 44 அடி. உயரம் 10 அடி. எனவே சுவர் மட்டும் 440 சதுர அடி. சீலிங் 120. மொத்தம் 560. கதவுக்கு 21, ஜன்னலுக்கு 16 என 37 சதுர அடியைக் கழித்தால் 523. அதை 23-ஆல் பெருக்கினால் 12,029. மேஸ்திரி 29 ரூபாயைத் தள்ளுபடி செய்திருக்கிறார்!

சின்ன அறைகளில் பெயின்ட் அடிக்கும் பரப்பு தரையைப்போல நான்கு மடங்குக்கும் மேலே வரும். கதவு, ஜன்னலைக் கழிப்பதா வேண்டாமா என்பதில் ஆளுக்கொரு வழக்கம் உண்டு. கழிக்காதவர், கதவுக்கான எனாமல் வேலைக்குத் தனியாகவும் காசு கேட்டால் மட்டும் நிறுத்திக் கேளுங்கள். ஒரே இடத்துக்கு இரண்டு முறை காசு கொடுக்க வேண்டியதில்லை.

பெயின்ட்டின் பங்கு ஐந்தில் ஒன்று

12,000 ரூபாயைப் பிரித்துச் சொல்லச் சொன்னார் அம்மா. மேஸ்திரி சிகரெட் அட்டை ஒன்றின் பின்னால் எழுதிக் கொடுத்தார். ஊருக்கு ஊர், கடைக்குக் கடை ரேட் மாறும். ஆனால், கணக்கின் உடம்பு இப்படித்தான் இருக்கும்.

அவருக்கு நாள் கூலி 1,100. கூட வரும் உதவியாளருக்கு 800. இருவருக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 1,900, நான்கு நாளைக்கு 7,600. பொருள்களில், பட்டி 400, பிரைமர் 700, சுவருக்கு 7 லிட்டர் எமல்ஷன் லிட்டர் 300 வீதம் 2,100, சீலிங்குக்கு 2 லிட்டர் வெள்ளை 400, கதவு ஜன்னலுக்கு எனாமல் 350, உப்புத்தாள், ரோலர், பிரஷ் வகையறா 450. ஆக 4,400.

இதில் சுவரிலும் சீலிங்கிலும் நம் கண்ணுக்குத் தெரியப்போகும் எமல்ஷனின் விலை 2,500 மட்டுமே. மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு. மீதிப் பணத்தில் பெரும்பகுதி நாள்களுக்குப் போகிறது. 'விலை குறைந்த பெயின்ட் வாங்கி மிச்சம் பிடிக்கலாம்' என்று நினைப்பவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். லிட்டர் 300-க்குப் பதிலாக 200 ரூபாய் பெயின்ட் வாங்கினால் மிச்சமாவது 700 ரூபாய். ஆனால், ஈரத்துணியால் துடைத்தாலே கையோடு வரும் சுவர் கிடைத்தால், அடுத்த நான்கு நாள் கூலி சீக்கிரமே வந்து நிற்கும்.

சரி, அந்த நான்கு நாள்கள் எதற்கு? முதல் நாள் சுரண்டுவதும், விரிசலைக் கீறிப் பட்டி வைப்பதும். பட்டி காய வேண்டும். இரண்டாம் நாள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தூசியைத் துடைத்து, பிரைமர். அதுவும் காய வேண்டும். மூன்றாம் நாள் முதல் கோட்டிங். நான்காம் நாள் இரண்டாவது கோட்டிங், கதவு, ஜன்னல். பாதி வேலை காத்திருப்பதுதான். முழு வீடு என்றால் ஒரு அறை காய்வதற்குள் அடுத்த அறைக்குப் போய்விடுவார்கள். ஒரே அறையில் அது முடியாது. அந்த மூன்று மணி நேரத்துக்காக இன்னொரு வீட்டு வேலையை ஒப்புக்கொள்ளவும் முடியாது. ஒற்றை அறைக்குச் சதுர அடி ரேட் கூடுதலாகச் சொல்வதற்கும், சிலர் 'ஒரு ரூமுக்கெல்லாம் வர்றதில்ல' என்று போனை வைப்பதற்கும் காரணம் இதுதான். பக்கத்து வீட்டிலும் ஒரு அறை வேலை இருந்தால் சேர்த்துப் பேசுங்கள், ரேட் இறங்கும்.

இப்போது 7,500-க்கு வருவோம். 12,000-லிருந்து இரண்டு நாள் கூலி 3,800-ஐக் கழியுங்கள். பிரைமர் 700-ஐயும் கழியுங்கள். சரியாக 7,500 வருகிறது!

போனில் ரேட் சொன்னவர் ஏமாற்றுக்காரர் என்று சொல்லிவிட முடியாது. நல்ல நிலையில் இருக்கும் சுவருக்கு இரண்டு நாள் போதும். ஏற்கெனவே எமல்ஷன் அடித்து, உரியாமல், பொடியாமல் இருக்கும் சுவருக்கு முழுக்க பிரைமர் தேவைப்படாது. பிரச்னை, அவர் சுவரைப் பார்க்கவே இல்லை என்பதுதான். கையில் பொடி ஒட்டுகிற சுவரில் பிரைமர் இல்லாமல் பெயின்ட் அடித்தால், அது சுவரைப் பிடிக்காது, பொடியைத்தான் பிடிக்கும். அந்தக் காலத்துச் சுண்ணாம்பு வெள்ளையடித்த சுவர் என்றால் இன்னும் மோசம், முழுக்கச் சுரண்டி எடுத்தே ஆக வேண்டும். அதற்கு நாளும் கூடும், கூலியும் கூடும்.

உங்கள் சுவர் எந்த ரகம் என்று பார்க்க மேஸ்திரி தேவையில்லை. உள்ளங்கையால் தேய்த்துப் பாருங்கள். ஒரு துண்டு செலோடேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று பிய்த்துப் பாருங்கள். பெயின்ட் கூடவே வந்தால், இரண்டு நாள் வேலைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

"மேலே மொட்டை மாடியா?"

சீலிங்கில் இருந்த பழுப்பு வட்டத்தைப் பார்த்ததும் மேஸ்திரி கேட்ட முதல் கேள்வி இது. மாடிக்குப் போய்ப் பார்த்தால், தளத்தில் விரிசல். "இதை அடைக்காம நான் அடிச்சா ஐப்பசில அதே இடத்துல அதே வட்டம் வரும்மா. அப்புறம் என்னைத்தான் திட்டுவீங்க" என்றார்.

பெயின்ட் தண்ணீரை நிறுத்தாது. பாத்ரூமை ஒட்டிய சுவரில் ஓதம், தரையிலிருந்து ஓரடி உயரத்துக்கு உப்புப் பூப்பது, இவையெல்லாம் கொத்தனார், பிளம்பர் வேலை. அதை முடித்து, சுவர் காய்ந்த பிறகுதான் பெயின்ட். சந்தேகம் இருந்தால் ஒரு பிளாஸ்டிக் கவரை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். சுவரைப் பார்த்த பக்கம் நீர் கோத்திருந்தால் ஓதம் உள்ளேதான் இருக்கிறது. மாடி விரிசல் வேலை அம்மாவின் பட்ஜெட்டில் இல்லாத செலவு. ஆனாலும் அதைத்தான் முதலில் செய்தார்.

அடுத்த பிரச்னை கதவு. அடித்து இருபது வருஷமான எனாமல். வீட்டு உபயோக பெயின்ட்களில் ஈயம் 90 பிபிஎம்-ஐத் தாண்டக் கூடாது என்ற மத்திய அரசின் விதி 2016-ல் வந்து, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பழைய எனாமலில் ஈயம் அதிகமாக இருக்க வாய்ப்புண்டு. அதை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது பறக்கும் தூசி, கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் நல்லதல்ல. பழைய கதவைத் தேய்த்தே ஆக வேண்டும் என்றால் அவர்கள் வீட்டில் இல்லாதபோது, தண்ணீர் தொட்டுத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து எடுக்க வேண்டும். வேலை முடிந்த பிறகும் ஜன்னலைத் திறந்து வைத்து, வாடை அடங்கச் சில நாள்கள் விட வேண்டும். 'நாளைக்கு வர்றா, இன்னிக்கு அடிச்சிடலாம்' என்பது வேண்டாம்.

பேரம் எங்கே பேசலாம்?

"10,000-த்துக்கு முடிச்சுக் கொடுங்க மேஸ்திரி" என்று அம்மா கேட்டார். அதற்கு அவர், "முடிக்கலாம்மா. எதை விடணும்னு நீங்களே சொல்லுங்க" என்றார்.

பேரம் பேச இதைவிட நேர்மையான வழி கிடையாது. மொத்தத் தொகையை அழுத்தினால், அது பட்டியிலும் உப்புத்தாளிலும் பெயின்ட்டில் கலக்கும் தண்ணீரிலும் குறையும். நமக்குத் தெரியவே தெரியாது, அடுத்த மழை வரை. வேலையைக் குறைத்தால் தொகையும் கணக்காகக் குறையும். கதவும் ஜன்னலும் உரியாமல்தான் இருந்தன. சோப்புத் தண்ணீரில் துடைத்தால் போதும் என்று விட்டுவிட்டார்கள். எனாமல் 350, அரை நாள் கூலி 950, ஆக 1,300 குறைந்து 10,700. பழைய எனாமலைத் தேய்க்கும் வேலையும் இல்லாமல் போனது. கட்டிலையும் பீரோவையும் முந்தைய நாளே வீட்டு ஆட்கள் நகர்த்தி வைத்ததால், காலை ஒன்பது மணிக்கே சுரண்டல் ஆரம்பித்துவிட்டது.

பொருள்களை அம்மாவே மேஸ்திரியோடு கடைக்குப் போய் வாங்கினார். பெயின்ட்டுக்கு ஜி.எஸ்.டி 18 சதவிகிதம். 2018 ஜூலைக்கு முன்பு 28 சதவிகிதமாக இருந்தது. பில் கேட்டு வாங்குங்கள், ஷேட் நம்பர் அதில் இருக்கும். பல டப்பாக்களில் பெயின்டர்களுக்கென்றே டோக்கன் அல்லது ஸ்கேன் செய்யும் கோடு வரும். 'நான் காசு கொடுத்த டப்பா, டோக்கன் மட்டும் அவருக்கா?' என்று சண்டை போடுகிறவர்கள் உண்டு. மேஸ்திரி வேலையில் லாபம் என்று தனியாக எதுவும் எழுதப்படவில்லை என்பதை அந்தச் சிகரெட் அட்டையை மறுபடி பார்த்தால் தெரியும். நான்காம் நாள் மழை பிடித்தால் ஐந்தாம் நாள் கூலி அவர் கையிலிருந்துதான் போகும். டோக்கனை விட்டுக்கொடுப்பதில் தவறில்லை. அதற்காக அவர் தேவைக்கு மேல் டப்பா வாங்கச் சொல்கிறாரா என்று மட்டும் பாருங்கள். இரண்டு கோட்டிங்கும் சேர்த்து லிட்டருக்குச் சுமார் 60 சதுர அடி என்று கணக்கு வைத்தால் போதும்.

கூலியை மொத்தமாக முன்னால் கொடுக்க வேண்டாம். அம்மா 2,000 முன்பணம் கொடுத்தார், பிரைமர் முடிந்ததும் 2,000. மீதி 2,650-ஐ, கடைசி நாள் பகல் வெளிச்சத்தில் சுவரைப் பார்த்த பிறகு கொடுத்தார். டியூப்லைட் வெளிச்சத்தில் திட்டுத் தெரியாது.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இதே கணக்கு வேறு விதத்தில் உதவும். காலி செய்யும்போது 'பெயின்ட்டுக்கு' என்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடித்துக்கொள்வது சென்னையில் பல இடங்களில் எழுதப்படாத சட்டம். எழுதப்பட்ட சட்டம் வேறு சொல்கிறது. 2017-ல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில், சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்கு வண்ணம் பூசுவதும் உரிமையாளரின் பொறுப்புகளாகவே இருக்கின்றன. குடியிருந்தவர் ஏற்படுத்திய சேதம் என்றால் அது தனி விஷயம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே இதைப் பேசிவிடுங்கள். காலி செய்யும் நாளில் பேசினால் பணம் அவர்கள் கையில் இருக்கும். எந்தச் சுவர், எத்தனை சதுர அடி, எத்தனை நாள் வேலை என்று கேட்கத் தெரிந்தவரிடம் ரவுண்டாக ஒரு தொகையைச் சொல்லித் தப்பிக்க முடியாது.

தாம்பரம் வீட்டில் நான்காம் நாள் மதியமே வேலை முடிந்துவிட்டது. இளம் மஞ்சள் சுவர், வெள்ளை சீலிங். மிச்சமிருந்த அரை லிட்டரை, ஷேட் நம்பரை எழுதி ஒட்டி, பரணில் வைத்தாகிவிட்டது. மகள் வர இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. ஜன்னல்கள் திறந்தே கிடக்கின்றன. ஹாலையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு அம்மா சொன்னார், "இதைப் பொங்கலுக்குப் பார்த்துக்கலாம் மேஸ்திரி."

ஏணியை மடக்கிக்கொண்டே அவர் சொன்னார், "பொங்கலுக்குன்னா தீபாவளி முடிஞ்சதுமே சொல்லிடுங்கம்மா. மார்கழியில கூப்பிட்டா நானே கிடைக்க மாட்டேன்."