ஒரு விசைக்கு எவ்வளவு அதிகாரம் கொடுக்கலாம்?

டாக்டர்கள் கம்ப்யூட்டர்ல வேகமா டைப் பண்ணக் கத்துக்கணும்னு சொல்றவங்க நிறைய. என் கருத்து கொஞ்சம் வேற. எந்த இடத்துல வேகம் கூடாதுன்னும் அந்தக் கம்ப்யூட்டருக்குச் சொல்லித் தரணும்.

நீளமான இழைதான். பொறுமையா படிங்க. கடைசியில உங்களுக்கும் ஒரு வேலை இருக்கு.

என் குறிப்புகள், டிஸ்சார்ஜ் சம்மரி வரைவு எல்லாத்தையும் நான் எழுதறது விம் என்ற எடிட்டர்ல. ஐடி துறையில இருக்கவங்களுக்குத் தெரியும். மத்தவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம்.

வேர்டுல ஒரு விசையைத் தட்டினா அந்த எழுத்து வரும், அவ்வளவுதான். விம்ல முக்கியமா இரண்டு நிலை. எழுதும் நிலையில எழுத்து வரும். சாதாரண நிலையில அதே விசைகள் கட்டளையா மாறிடும். டி விசையை இரண்டு தடவை தட்டினா ஒரு வரி முழுசா போயிடும். யு தட்டினா போனது திரும்ப வந்துடும். மவுஸைத் தேடிக் கை அலைய வேண்டாம்.

இதோட மூதாதை விஐ. 1976-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் பில் ஜாய் எழுதியது. அவர் உட்கார்ந்து வேலை செய்த ஏடிஎம்-3ஏ முனையத்துல அம்புக்குறிக்குத் தனி விசை கிடையாது. ஹெச், ஜே, கே, எல் விசைகள் மேலயே அம்புக்குறி அச்சடிச்சிருக்கும். இன்னிக்கு வரைக்கும் அந்த நாலு விசையும் விம்ல கர்சரை நகர்த்தறதுக்கு இதுதான் காரணம். எஸ்கேப் விசையும் அதுல இப்ப டேப் இருக்கிற இடத்துல, சுண்டுவிரல் எட்டும் தூரத்துல இருந்தது. இப்ப அது கீபோர்டோட மூலைக்குப் போயிடுச்சு. அதனால பலர் விம்ல முதல்ல செய்யற மாற்றமே, ஜே, கே இரண்டையும் அடுத்தடுத்து தட்டினா எஸ்கேப்னு எடுத்துக்கோன்னு சொல்லி வைக்கறதுதான். இதுக்குப் பேர்தான் கீ மேப்பிங்.

விசைக்குப் புது வேலை கொடுக்க அடிப்படையில இரண்டு வழி இருக்கு. ஒன்று மேப். இன்னொன்று நோரீமேப். மேப்ல, நீங்க கொடுத்த விசைக்கு ஏற்கெனவே வேற அர்த்தம் இருந்தா, அதையும் தேடிப் பிடிச்சுச் செய்யும். ஏ-ன்னா பி, பி-ன்னா ஏ-ன்னு மேப்ல எழுதிப் பாருங்க. ஒன்னை ஒன்னு துரத்திட்டுப் போய், 1000 சுற்று ஆனதும் விம் கைவிட்டுட்டு பிழைன்னு சொல்லும். நோரீமேப் எழுதினதை மட்டும் செய்யும். வார்டுல நர்ஸுக்கு எழுதற ஆர்டரும் அப்படித்தான் இருக்கணும். 'வழக்கம்போல' என்ற ஆர்டருக்கு ஆளுக்கொரு அர்த்தம் இருக்கும். புதுசா கத்துக்கறவங்க கண்ணை மூடிட்டு நோரீமேப் எழுதுங்க.

இன்னொரு வசதி சுருக்கெழுத்து. சின்னதா அடிச்சா பெருசா விரியும். இன்சுலின் எழுதும்போது யூனிட்டுக்குப் பதிலா ஆங்கில யூ எழுத்தை மட்டும் போடற பழக்கம் ரொம்பப் பழசு. அந்த யூ-வைக் கொஞ்சம் சுழிச்சு எழுதினா பூஜ்யம். 10 யூனிட் 100 ஆயிடும். விளைவு என்னன்னு சர்க்கரை நோயாளி இருக்கிற வீட்டுல கேட்டா சொல்வாங்க. அமெரிக்காவின் ஜாயின்ட் கமிஷன் 2004-ல் போட்ட 'பயன்படுத்தக் கூடாத சுருக்கங்கள்' பட்டியல்ல இதுவும் உண்டு. என் விம்ல யூ அடிச்சு ஸ்பேஸ் தட்டினா 'யூனிட்' என்று முழுசா விரியும். ஆனா எண்ணை ஒட்டி அடிச்சா விரியாது. எண்ணுக்கும் எழுத்துக்கும் நடுவுல இடைவெளி விட்டாகணும். அதுவும் நல்லதுதான். மருந்துச் சீட்டுல அந்த இடைவெளி இருக்கவே வேண்டியது.

இது வரைக்கும் எல்லாம் லாபம். என் கவலை இனிமேதான்.

ஒரு விசையைத் தட்டினா முழுப் பரிசோதனைக் குறிப்பும் வந்து விழும்படி பலர் வெச்சிருக்காங்க. விம்ல மட்டுமில்ல, ஆஸ்பத்திரி மென்பொருள்லயும் டெம்ப்ளேட்னு இருக்கு. 'நுரையீரல் தெளிவு, வயிறு மென்மை, இரு கால்களிலும் நாடித்துடிப்பு நன்று, ஒவ்வாமை: இல்லை.' சர்க்கரை நோயால ஒரு காலை எடுத்தவரோட சம்மரியில 'இரு கால்களிலும் நாடித்துடிப்பு நன்று' என்று வந்த கதையை டாக்டர்கள் தங்களுக்குள்ள சொல்லிச் சிரிச்சுப்பாங்க. கால் விஷயம் பரவாயில்ல, பார்த்தா யாருக்கும் தெரிஞ்சிடும். ஒவ்வாமை பார்த்தா தெரியாது.

கேட்டேன், இல்லைன்னார் என்பது ஒரு தகவல். கேட்கவே இல்லை என்பது வேற தகவல். டெம்ப்ளேட் இரண்டையும் ஒரே வார்த்தையா ஆக்கிடுது. அடுத்த மாசம் வேற ஊர்ல, வேற டாக்டர் அந்தத் தாளை நம்பி பென்சிலின் ஊசி எழுதுவார். அவர் மேல என்ன குறை சொல்ல முடியும்?

அதனால என் விதி இது: தலைப்புகளை விசை எழுதலாம், பதில்களை எழுதக் கூடாது. நான் ஒரு விசையைத் தட்டினா 'ஒவ்வாமை: ___' என்று அடிக்கோடோட வரும். இன்னொரு விசை அடுத்த அடிக்கோட்டுக்குக் கூட்டிட்டுப் போகும். சேமிக்கற விசைக்குப் பின்னால நாலஞ்சு வரியில ஒரு ஸ்கிரிப்ட். கோப்பு முழுக்க அடிக்கோட்டைத் தேடும். ஒன்னு மிச்சமிருந்தாலும் சேமிக்காம கர்சரை அங்கேயே கொண்டு போய் நிறுத்தும். தேடறதுக்கான வசதி விம்லயே இருக்கு, பெரிய புரோகிராமரா இருக்கணும்னு இல்ல.

"ஓபியில நூறு பேர் நிக்கிறாங்க, அடிக்கோடு அடிக்கோடா நிரப்பிட்டு இருக்க முடியுமா டாக்டர்?" என்று இளம் மருத்துவர்கள் கேட்பாங்க. நியாயமான கேள்வி. நேரம் கூடத்தான் செய்யும், இல்லைன்னு சொல்லல. ஆனா மத்த எல்லா இடத்துலயும் மேப்பிங் மிச்சம் பிடிச்ச நேரம் இருக்கே, அதுல கொஞ்சத்தை இங்க செலவு பண்ணலாம். இன்னொருத்தர் வெச்சிருக்கிற 500 வரி அமைப்புக் கோப்பை அப்படியே நகலெடுத்துப் போட்டுக்காதீங்க. எந்த விசை என்ன செய்யுதுன்னு தெரியாம நோயாளி குறிப்பை எழுதறது ஆபத்து.

இடைச்செருகலா ஒன்னு. விம் எழுதும்போதே ஒரு ஸ்வாப் கோப்பை வட்டுல வைக்கும். நகலெடுத்த வரிகளை விம்இன்ஃபோ என்ற கோப்புல ஞாபகம் வெச்சுக்கும். பொதுக் கணினியில நோயாளி விவரம் எழுதறவங்க இரண்டையும் அணைச்சுட்டு எழுதுங்க.

இந்த விம்மை எழுதி 1991-ல் வெளியிட்டவர் நெதர்லாந்தின் பிராம் மூலெனார். 2023-ல் காலமானார். எடிட்டர் இலவசம். பிடிச்சிருந்தா உகாண்டாவில் கிபாலே பகுதிக் குழந்தைகளுக்கு உதவுங்கன்னு மட்டும் கேட்டார். விம்மைத் திறந்ததும் அந்தக் கோரிக்கையைப் பார்க்கலாம்.

இப்ப உங்க வேலை. வீட்டுல இருக்கிற டிஸ்சார்ஜ் சம்மரியை எடுங்க. 'ஒவ்வாமை' என்ற வரியைப் பாருங்க. 'இல்லை'ன்னு இருந்தா, அங்க யாராவது உங்ககிட்ட அதைக் கேட்டாங்களான்னு யோசிங்க. கேட்கலைன்னா, அடுத்த தடவை போகும்போது எந்த மாத்திரைக்கு உடம்புல தடிப்பு வந்தது, எந்த ஊசிக்கு மூச்சு வாங்கினதுன்னு நீங்களா சொல்லுங்க. அந்த வரியை உங்க கண்ணு முன்னாடியே திருத்தித் தரச் சொல்லுங்க.