குழியை எங்கே வெட்டுவது?

கடந்த மாதம் எங்கள் யாழ்ப்பாணத்து வீட்டின் பழைய குளியலறையை இடித்தோம். 1974இல் அப்பா கட்டுவித்தது. கிணற்றடியில் குளித்து வளர்ந்த எங்களுக்குக் கூரையும் கதவும் கொண்ட அந்தச் சிறிய அறை அன்று பெரிய நாகரிகம். அலவாங்கு விழ விழச் சீமெந்துப் பூச்சு பாளம் பாளமாகக் கழன்றபோது மனம் சற்றுக் கனத்தது உண்மை.

புதிய அறைக்கு எந்த நிறத்தில் ரைல்ஸ் பதிப்பது என்று வீட்டில் ஒரு வாரமாக விவாதம். கனடாவிலிருந்து தங்கை படங்கள் அனுப்பினாள். மேசன் மட்டும் வேறொன்றைக் கேட்டார்: "ஐயா, மலகூடக் குழியை எங்கை வெட்டுறது?"

கிணற்றிலிருந்து ஐம்பது அடி தள்ளி என்பது எல்லோரும் அறிந்த கணக்கு. நாடாவைப் பிடித்து அளந்தோம். பழைய குழி எங்கள் கிணற்றுக்கு எழுபது அடி தூரத்தில் இருந்தது. வேலிக்கு அப்பால் அயல்வீட்டுக் கிணற்றுக்கோ இருபத்தெட்டு அடிதான். ஐம்பது ஆண்டுகளாக எங்கள் கிணற்றைக் காத்து, அவர்களுடைய கிணற்றைக் கெடுத்திருக்கிறோம்.

குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவும் இல்லை. மழைநீர் சுண்ணக்கல்லில் இறங்கித் தங்குவதே நமது நன்னீர். அந்தக் கல்லில் வெடிப்புகளும் பொந்துகளும் நிறைய உண்டு. தண்ணீர் வேலி பார்த்து ஓடுவதில்லை. தோட்டத்து உரமும் மலகூடக் குழிகளும் நமது கிணறுகளில் நைத்திரேற்றைச் சேர்த்துவிட்டன என்று ஆய்வாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. பாதிப்பு முதலில் கைக்குழந்தைகளுக்கே.

காணிகள் இரண்டு பரப்பு, ஒரு பரப்பு என்று துண்டாகிவிட்ட காலத்தில், ஒவ்வொரு வீடும் தன் கிணற்றை மட்டும் அளந்தால் போதாது. வீட்டு வரைபடத்தில் அயலவரின் கிணறும் குறிக்கப்பட வேண்டும். அனுமதி வழங்கும் சபைகள் அதைக் கட்டாயமாக்க வேண்டும்.

அயல்வீட்டு அக்காவிடம் சென்று உண்மையைச் சொன்னேன். அவர் சிரித்தார். "அதுக்கென்ன தம்பி, எங்கடை குழி உங்கடை கிணத்துக்குக் கிட்டத்தானே கிடக்கு."

பழைய குழியை வெறுமையாக்கி மூடிவிட்டோம். புதியது இரு கிணறுகளுக்கும் எட்ட, வீட்டு முற்றத்தில் படலையோரம் அமைகிறது. வாசலில் மலகூடக் குழியா என்று உறவினர் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும். ரைல்ஸின் நிறம் இன்னும் முடிவாகவில்லை.