நண்பகல் வெயிலில் நம் பிள்ளைகள்



சித்திரை பிறந்துவிட்டால் திருவண்ணாமலையில் பாறையும் தகிக்கும். ஆயினும் அவ்வூரில் ஒரு நல்ல வழக்கத்தைக் காண்கிறோம். முழுநிலா நாளில் மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடக்க வருவோருள் மிகப் பலர் வெயில் தாழ்ந்த பின்னரே புறப்படுகின்றனர். வெறுங்காலுடன் நடப்போர்க்கு அனுபவம் கற்பித்த பாடம் அது.

அதே ஊரில், சென்ற கோடை விடுமுறையில், வெளியூர்ச் சிறுவர்கள் ஆடிய கைப்பந்துப் போட்டியொன்றைக் காணச் சென்றிருந்தோம். ஆட்டமோ உச்சி வெயிலில். குளிர்ந்த மலையூரிலிருந்து முதல்நாள் இரவு வந்திறங்கிய சிறுவன் ஒருவன் தலையைப் பிடித்துக்கொண்டு தள்ளாடினான். "முன்னமே சொல்லக் கூடாதா, தம்பி?" என்றோம். "நான் வெளியேறினால் எங்கள் அணி தோற்றுவிடும், ஐயா" என்றான். நிழலில் கிடத்தி ஈரத்துணியால் துடைத்த பின்னர் தெளிந்தான். தெளியாதிருந்தால் அவன் தாய்க்கு நாம் என்ன விடை கூறியிருப்போம்?

ஜப்பானில், 1924-இல் எழுப்பப்பெற்ற கோஷியென் அரங்கில், ஆகஸ்டுத் திங்கள்தோறும் உயர்நிலைப் பள்ளி மாணவரின் பேஸ்பால் போட்டி நடைபெறுகிறது. நாடெங்குமிருந்து 49 பள்ளிகளின் அணிகள் வருகின்றன. கடும் வெயிலில் ஆடுவதே அங்கு நெடுநாள் மரபு. அவர்களே 2023-இல், ஐந்தாம் சுற்று முடிந்ததும் 10 நிமிடம் உடல் குளிர ஓய்வளித்தனர். 2024-இல் முதல் மூன்று நாள் ஆட்டங்களைக் காலை, மாலை எனப் பிரித்தனர். போட்டியின் பெருமை இம்மியும் குறையவில்லை.

நம் மாநில அரசும் 2024-இல் வெப்ப அலையைப் பேரிடராக அறிவித்துள்ளது. நாம் செய்யத்தக்கவை எளியவையே. ஆட்டங்களைக் காலையிலும் மாலையிலும் வைப்போம். புதிய வெப்பத்துக்கு உடல் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகுமாதலால், வந்த அன்றே பிள்ளைகளை வருத்தாதிருப்போம். தாகமெடுக்குமுன் நீரும் உப்பிட்ட மோரும் கொடுப்போம். பேச்சுக் குழறினால் உடனே உடலெங்கும் நீர் ஊற்றிக் குளிர்வித்து மருத்துவமனைக்கு விரைவோம். நினைவிழந்தவன் வாயில் எதையும் ஊற்றலாகாது.

வழிநடையால் களைத்த நம் ஆண்டவர், நண்பகலில் கிணற்றருகே அமர்ந்து, சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்டார். களைப்பை ஒப்புக்கொள்ள அவர் நாணவில்லை. "களைத்தேன்" என்று சொல்வது கோழைத்தனமன்று என நம் பிள்ளைகளுக்கும் கற்பிப்போம். நம் ஊருக்கு ஆட வரும் அயலார் பிள்ளைகளுக்கு, அவர்கள் கேட்குமுன்பே ஒரு குவளை நீர் நீட்டுவோம்.