ஆர்.சி. யார் பேர்ல இருக்கு?

நம்ம ஆளு மாடு வாங்கப் போறதைப் பாருங்க. கண்ணபுரம் சந்தையா இருக்கட்டும், அந்தியூர் சந்தையா இருக்கட்டும், ஒரு ஜோடிக் காளை பிடிக்க அரை நாள் ஆகும். வாயைத் திறந்து பல்லு எண்ணுவார், சுழி பார்ப்பார், நடக்கவிட்டுக் கால் பார்ப்பார். அதே ஆளு மூணு லட்சம் கொடுத்துப் பழைய கார் வாங்கும்போது பார்க்கிறது என்ன? பெயிண்ட் பளபளன்னு இருக்கா, ஏசி குளுகுளுன்னு வருதா, அவ்வளவுதான். ஒரு ரவுண்டு ஓட்டிட்டு அட்வான்ஸைக் கொடுத்துடறார்.

வண்டியைப் பார்க்கிற விதத்தைச் சுருக்கமா சொல்லிடறேன். காலையில இஞ்சின் சூடாகறதுக்கு முன்னாடி போய், நீங்களே ஸ்டார்ட் பண்ணுங்க. மீட்டர் நாப்பதாயிரம் கிலோமீட்டர்னு காட்டும்; பிரேக் பெடல் ரப்பர் வழவழன்னு தேஞ்சு கிடக்கும். ரெண்டுல எது பொய்யின்னு நீங்களே முடிவு பண்ணுங்க. டயர் பக்கவாட்டுல நாலு இலக்க எண் இருக்கும். 2319ன்னா 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம் செஞ்ச டயர். சீட் பெல்ட்டை முழுசா இழுத்துப் பாருங்க. அடியில சேத்துக்கறை இருந்தா அது வெள்ளத்துல நின்ன வண்டியா இருக்கலாம். நல்ல மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போனா மீதியை அவர் பார்த்துக்குவார்.

ஆனா எனக்குக் கோபம் வர்ற இடம் இது இல்லை. இஞ்சின் கெட்டா காசோட போகும். பேப்பர் கெட்டா குடும்பமே கோர்ட்டு வாசல்ல நிக்கணும்.

கிராமத்துல ஒரு பழக்கம் இருக்கு. "ஃபார்ம் 29லயும் 30லயும் கையெழுத்து வாங்கியாச்சு, பேரை அப்புறம் மாத்திக்கலாம்." இந்த 'அப்புறம்' வர்றதே இல்லை. அந்தக் கையெழுத்தோடயே வண்டி அடுத்த ஆளுக்குப் போகும், அங்கிருந்து இன்னொரு ஆளுக்கு. ஆர்.சி.யில மட்டும் முதல் ஆளு பேரு அப்படியே இருக்கும்.

2018 பிப்ரவரியில உச்ச நீதிமன்றம் இப்படிக் கை மாறிக் கை மாறிப் போன ஒரு கார் வழக்குல தீர்ப்புச் சொல்லியிருக்கு. விபத்து நடந்த அன்னிக்குப் பதிவுல யார் பேர் இருக்கோ அவர்தான் சட்டப்படி உரிமையாளர், இழப்பீடும் அவர் பொறுப்பு. வித்துட்டேன், சாவி கொடுத்துட்டேன்னு சொன்னாலும் செல்லாது. அதனால வாங்கறவர் மட்டுமில்ல, விக்கிறவரும் யோசிக்கணும். மோட்டார் வாகனச் சட்டப்படி ஒரே மாநிலத்துக்குள்ள வித்தா, வித்தவர் 14 நாள்ல ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்கணும், வாங்கினவர் 30 நாள்ல பேர் மாத்த விண்ணப்பிக்கணும்.

இன்சூரன்ஸும் இப்படித்தான். பாலிசி பழைய ஆளு பேர்லயே இருந்து, உங்க வண்டி புளியமரத்துல மோதினா, வண்டிச் சேதத்துக்குக் கம்பெனிக்காரன் கையை விரிச்சுடுவான். வாங்கின 14 நாளுக்குள்ள பாலிசியில பேர் மாத்த எழுதிக் கொடுங்க.

அடுத்தது ஹெச்.பி. லோன்ல எடுத்த வண்டின்னா ஆர்.சி.யில ஃபைனான்ஸ் பேரும் இருக்கும். "கடன் கட்டியாச்சுங்க"ன்னு வாயால சொன்னா போதாது. ஃபைனான்ஸ்ல வாங்கின என்.ஓ.சி., ஃபார்ம் 35 ரெண்டையும் கையில வாங்குங்க. புதுச்சேரி, கர்நாடக நம்பர் வண்டி மலிவா வருதுன்னு பாய்ஞ்சுடாதீங்க; அந்த ஊர் என்.ஓ.சி.யும் வேணும், இங்கே வரியும் கட்டணும். எம்-பரிவாகன் செயலியில வண்டி நம்பரைப் போட்டா ஆர்.சி. விவரமும், அபராதம் நிலுவை இருக்கான்னும் தெரியும். அஞ்சு நிமிஷ வேலை.

இதையெல்லாம் கேட்டா, "என்ன மாப்ளே, சொந்தக்காரனையே நம்ப மாட்டீங்களா?"ங்கிறாங்க. இந்த ஒரு வார்த்தைக்குக் கூச்சப்பட்டே ஊர்ல பாதிப் பேர் ஏமாந்து நிக்கிறாங்க. ஏன் கூச்சம்? பங்காளிகிட்ட நிலம் வாங்கினாலும் பத்திரம் போடாம விடறோமா? வில்லங்கம் பார்க்காம பணம் கொடுக்கிறோமா? அப்போ வராத மனஸ்தாபம் காருக்கு மட்டும் ஏன் வரணும்?

ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு அலைய முடியாது, செலவாகும்ங்கிறதும் சாக்குதான். மூணு லட்சம் புரட்டத் தெரிஞ்சவருக்கு ரெண்டு நாள் அலைச்சல் பெருசா? பேர் மாறுற வரைக்கும் ஒரு தொகையைக் கையில நிறுத்தி வையுங்க. நேர்மையா விக்கிறவர் ஒத்துக்குவார். ஒத்துக்காதவர்கிட்ட அந்த வண்டி எவ்வளவு மலிவா இருந்தாலும் வேண்டாம்.