பிச்சி யாருடைய சொல்?

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் பூக்கட்டும் குடும்பத்திலிருந்து வந்த இளங்கலை மாணவி ஒருவர், திருத்தப்பட்ட தம் கட்டுரையைச் சென்ற வாரம் என்னிடம் காட்டினார். ‘பிச்சி’ என்று எழுதிய நான்கு இடங்களிலும் சிவப்பு மை. ஓரத்தில், ‘மலையாளக் கலப்பு, சாதிமல்லி எனத் திருத்துக’ என்றொரு கட்டளை. மதிப்பெண்ணும் குறைந்திருந்தது.

திருத்தியவர் தமிழைக் காத்துவிட்டதாக எண்ணியிருக்கலாம். ஆனால் அவர் பரிந்துரைத்த பெயரிலுள்ள ‘சாதி’, இதே பூவுக்கு வடமொழியில் வழங்கும் ‘ஜாதி’ என்னும் பெயர்தான். அவர் விலக்கிய சொல்லோ சங்க இலக்கியப் ‘பித்திக’த்தின் வழிவந்தது. (சாதிமல்லி என்பதில் எனக்குப் பகையில்லை, வழங்குவோர் வழங்கட்டும்.)

குறிஞ்சிப்பாட்டின் பூப்பட்டியலில் பித்திகம் உண்டு. குறுந்தொகை 222, அகநானூறு 42 ஆகிய இரண்டும் மழைக்காலத்துப் பித்திக முகையின் சிவந்த புறத்தைத் தலைவியின் கடைக்கண்ணுக்கு உவமை ஆக்குகின்றன. சாலையில் இன்று ஒரு பிச்சி மொட்டைக் கையிலெடுத்துத் திருப்பிப் பாருங்கள். வெளியிதழில் அதே செம்மை ஓடியிருக்கும். நெடுநல்வாடையிலோ, ஞாயிறு தெரியாத கூதிர் நாளில், தட்டிலிட்ட பித்திக அரும்புகள் விரிந்து மணப்பதைக் கொண்டே மகளிர் மாலை வந்ததை அறிந்து விளக்கேற்றுகின்றனர். மணத்தால் பித்துப் பிடிக்கவைப்பதால் பிச்சி என்று சுவையாக விளக்குவோர் உளர். இப்பாடல்களில் அத்தகைய பித்து எதுவும் இல்லை.

பித்தி எவ்வாறு பிச்சி ஆயிற்று? இகர, ஐகாரங்களை அடுத்த தகரம் சகரமாகத் திரிவது நம் பேச்சில் நாள்தோறும் நிகழ்வது: அடித்து, அடிச்சு, வைத்து, வச்சு, ஐந்து, அஞ்சு. பித்தன் பிச்சனானதும் இவ்வாறே. இத்திரிபு மலையாளத்துக்கும் பொது. அங்குப் பிச்சியோடு ‘பிச்சகம்’ என்ற வடிவமும் உண்டு. பித்திகத்தின் ஈற்றுக் ‘கம்’ அதில் இன்னும் தங்கியிருக்கிறது. ஒரே மூலத்தை இரு மொழிகளும் வைத்திருப்பதைக் ‘கலப்பு’ என்பவர், முதலாண்டு மொழியியல் பாடத்தை மீண்டும் படிப்பது நலம். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனைப் புரட்டியிருந்தாலே போதும். பிச்சி அதிலும் இருக்கிறது.

சாலைக்குப் பூ வரும் தோவாளை, 1956 நவம்பர் 1 வரை இதே திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில் இருந்தது. எல்லைக்கோடு அன்று வந்தது. பூவும் பெயரும் அதற்கு முன்பிருந்தே இவ்வழியில் வந்துகொண்டிருந்தன. இன்றும் தமிழ் பேசும் வணிகர் பிச்சி என்று விற்கிறார். மலையாளம் பேசுபவர் பிச்சி என்றே கேட்டு வாங்குகிறார். இருவருக்கும் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. நம் வகுப்பறைக்கு மட்டும் ஏன் எல்லைக் காவலர்?

வட்டார வழக்கை எழுதும் மாணவரிடம் ‘உன் வீட்டுச் சொல் தமிழன்று’ என்று சொல்லுமுன், அகராதியைப் பார்க்கும் கடமை ஆசிரியருக்கு இல்லையா? அந்த மாணவி நான்கு இடங்களிலும் பிச்சியை மீண்டும் எழுதி, அடிக்குறிப்பில் ‘குறுந்தொகை 222’ என்று சேர்த்து, மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பித்துள்ளார். விண்ணப்பத்தை எழுத நானும் உடனிருந்தேன்.